தலைமை ஊஃபர்

ஆதிமனிதன் குகையை விட்டு வெளியே வந்ததற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். பின்னால் வரப்போகும் சந்ததியார் படித்து, வேலைக்குப் போய், சுவரை இடித்து, சன்னலை அடைத்து, அதே குகையை வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொள்ள வேண்டும் என்ற தொலைநோக்குதான் அது. அந்தத் தொலைநோக்கை நிறைவேற்றும் பொறுப்பு, மனித குலத்தின் சார்பில், கண்காணிப்பாளரிடம் வந்து சேர்ந்தது.

அவர் குடிநீர் அலுவலகத்தில் குறைகேட்புப் பிரிவுக்குத் தலைவர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்களை உட்காரவைத்து, சொல்வதையெல்லாம் தலையசைத்துக் கேட்டு, 'பரிசீலனையில் உள்ளது' என்று அனுப்பிவைப்பது அவர் பணி. வருடக்கணக்காக அசைத்ததில் கழுத்து நன்றாகத் தேறிவிட்டது. காதுக்கு மட்டும் அவ்வளவாக வேலை இருக்கவில்லை. பாவம், அந்தக் காதுக்கும் ஏதாவது செய்ய வேண்டாமா என்று எண்ணித்தான் வீட்டில் 'ஹோம் தியேட்டர்' கட்ட முடிவு செய்தார்.

கூடமும் பக்கத்து இரண்டு அறைகளும் இடிபட்டு ஒன்றாயின. அவற்றில் ஒன்று அவருடைய மனைவியின் தையல் அறை. அவள் மருத்துவமனைச் செவிலியருக்குச் சீருடை தைத்துக் கொடுப்பவள். இப்போது அவளுடைய தையல் மிஷின் வாசலையும் குளியலறையையும் கூடத்தோடு சேர்க்கும் நடையில் நின்றது. குளிக்கப் போகிறவர் வயிற்றை எக்கிக்கொண்டு அதைக் கடந்தார். குளித்துவிட்டு வருகிறவர் தலையிலிருந்து சொட்டியது நேராக வெள்ளைத் துணியில் விழுந்தது. வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து ஆள் வந்து, திங்கட்கிழமை சீருடை கைக்கு வராவிட்டால் வேலையை வேறு கடைக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஏங்க, என் மிஷினை எங்க வைக்கிறதுன்னு ஒரு முடிவு சொல்லுங்க" என்றாள் மனைவி.

கண்காணிப்பாளர் மிகுந்த பரிவோடு தலையசைத்தார். "பரிசீலனையில இருக்கும்மா. மொதல்ல சப்-ஊஃபர் வரட்டும்."

அந்த ஒலிப்பெட்டிதான் பாக்கி. சன்னலுக்குக் கறுப்புத் திரை வந்தாயிற்று. ஒரு சுவரில் படம் காட்டும் வெள்ளைத்திரை மாட்டி, மற்றச் சுவரெங்கும் பஞ்சு மெத்தை ஒட்டியாயிற்று. அறையின் நட்டநடுவில் ஒரு சிமெண்டு மேடை எழுப்பி, சாய்ந்தால் காலைத் தானே தூக்கிக் கொடுக்கும் நாற்காலியை மேடையோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்கியும் ஆயிற்று. இதெல்லாம் முடிந்த பிறகுதான் கண்காணிப்பாளருக்குச் சிக்கனத்தில் ஆழ்ந்த நம்பிக்கை பிறந்தது. சிக்கனத்தின் குணமே அப்படித்தான். செலவெல்லாம் முடிந்து, வாசல் காலியானதும்தான் அது உள்ளே வரும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் 'சிக்கன சப்-ஊஃபர் தேர்வுக் குழு' முறைப்படி கூடியது. தலைவர், கண்காணிப்பாளர். நிபுணர், டெசிபல்.

டெசிபல் என்பது மனைவியின் தம்பி. கைபேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்று வைத்துக்கொண்டு, யார் வாயைத் திறந்தாலும் அது எத்தனை டெசிபல் என்று அறிவிப்பான். தும்மக்கூட அவன் எதிரில் யாருக்கும் தைரியம் கிடையாது.

"ஒரு சந்தேகம் மாப்ளே" என்று கூட்டத்தைத் தொடங்கினார் தலைவர். "சப்-கலெக்டர்னு ஒருத்தர் இருந்தா, அவருக்கு மேல கலெக்டர்னு ஒருத்தர் இருக்காரு. சப்-இன்ஸ்பெக்டருக்கு மேல இன்ஸ்பெக்டர். அப்போ சப்-ஊஃபருக்கு மேல ஊஃபர் இருக்கணுமே, அது எங்க? தலைமையைக் கேக்காம நாம பாட்டுக்குத் துணையை வாங்கிடக் கூடாது பாரு."

டெசிபல் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. "அத்தான், 'சப்'னா இங்க பதவி இல்ல. அடியில இருக்கற சத்தம்னு அர்த்தம். இடி, வெடி, யானை நடக்கறது எல்லாம் அதுதான் குடுக்கும்."

"அடிமட்ட ஊழியர்ங்கறே."

"அப்படியே வெச்சுக்கங்க."

"வேலையெல்லாம் அதுதான் செய்யும், பேர் மட்டும் இல்ல. புரியுது" என்று சொல்லி, அதைத் தன் சொந்த அனுபவமாகவே எடுத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

குழு கடைக்குப் போனது. கடைக்காரர் தன் கடையிலேயே மலிவான சப்-ஊஃபரை ஓட விட்டுக் காட்டினார். பெட்டி ஒரு முக்காலி அளவு இருந்தது. கடை அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஆகவே இடி இடித்ததும் அலமாரிக் கதவு திறந்துகொண்டது. கண்காணிப்பாளருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பரவசம் ஏறியது.

"ஆனா எங்க ரூம் முப்பதடி" என்றான் டெசிபல். "அதுல இது யானைப் பசிக்குச் சோளப்பொரி."

"அப்போ ரெண்டு சோளப்பொரியா வாங்கிக்கங்க" என்றார் கடைக்காரர் யோசிக்காமல். "பெரிய ரூமுக்குப் பெருசா ஒண்ணு வாங்கறதைவிடச் சின்னதா ரெண்டு மேல். இப்ப எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

எல்லாரும் செய்கிறார்கள் என்ற பிறகு ஆராய்ச்சிக்கு அங்கே இடமேது. ஒன்று வாங்கப் போனவர்கள் இரண்டோடு திரும்பினார்கள். நடையில் அவற்றை உள்ளே கொண்டுபோக வழியில்லாமல் மிஷின் இடித்தது.

"இதை யாரு இங்க வெச்சது?" என்றார் கண்காணிப்பாளர், உண்மையான வியப்போடு.

மனைவி தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து, துணியை மார்போடு அள்ளிக்கொண்டு வழிவிட்டாள். "நான் கேட்டதுக்கு என்னங்க ஆச்சு? நாளைக்குத் திங்கட்கிழமை."

"ஆமாம்மா, ஞாயித்துக்கிழமைக்கு அடுத்து அதுதான் வரும்" என்று தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்தது 'இடத் தேர்வு'. இதற்கு உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட முறை ஒன்று இருப்பதாக டெசிபல் தெரிவித்தான்.

"சப்-ஊஃபரைத் தூக்கி உங்க நாற்காலியில உக்காரவைக்கணும் அத்தான். நீங்க தரையில தவழணும். எந்த மூலையில அடி நல்லா கேக்குதோ, அப்புறம் அதை அங்க கொண்டுபோயி வைக்கணும்."

"தவழணுமா? நடந்து பாத்தா ஆகாதா?"

"அது தரையில இருக்கப்போற சாமான். அதோட காது மட்டத்துக்கு நாம போகணும்ல."

கருத்தில் பிழை இருப்பதாகக் கண்காணிப்பாளருக்குத் தோன்றவில்லை. சப்-ஊஃபர் மேடையேறி நாற்காலியில் அமர்ந்தது. சாய்ந்ததும் நாற்காலி வழக்கப்படி காலைத் தூக்கிக் கொடுக்க முயன்று, கால் இல்லாததைக் கண்டு திகைத்து நின்றது. இடி முழங்கத் தொடங்கியது. ஒரு பிரிவையே ஆள்கிறவர் முழங்கையை ஊன்றி, ஒரு காதைத் தரையில் வைத்து, மூலை மூலையாக நகர்ந்தார். பின்னால் டெசிபல் கைபேசியை வாயில் கவ்விக்கொண்டு தவழ்ந்தான். ஒரு நாட்டின் முன்னேற்றத்தை அதன் குடிமக்கள் எழுந்து நிற்பதை வைத்து அளக்கிறார்கள். அது பழைய கணக்கு.

கதவைத் தட்டும் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. தானே கதவைத் திறந்துகொண்டு கீழ்வீட்டுப் பல் டாக்டர் உள்ளே வந்தார். கையில் ரப்பர் உறை, நெற்றியில் விளக்கு.

"சார், கீழே ஒருத்தர் வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்காரு. நீங்க ஒவ்வொரு தரம் அடிக்கும்போதும் என் கை ஒரு பல் தள்ளிப் போகுது."

"எந்தப் பல்லுக்குப் போகுது?" என்றான் டெசிபல் ஆர்வமாக. "மேலயா, கீழயா?"

"அது ரொம்ப முக்கியமாப்பா?"

"அதிர்வு எந்தப் பக்கமா வருதுன்னு தெரிஞ்சுக்கலாம் டாக்டர்."

கண்காணிப்பாளர் தரையிலிருந்தபடியே தலையசைத்தார். "உங்க குறையைக் குறிச்சுக்கிட்டோம். வந்தது வந்தீங்க, நடுநிலையா ஒரு காது எங்களுக்கு வேணும். அந்த மூலையில கொஞ்சம் தவழ்ந்து பாத்துச் சொல்லுங்களேன்."

டாக்டர் மறுத்தார். பிறகு ஒரு முழங்காலை மட்டும் ஊன்றினார். கொஞ்ச நேரத்தில் மூவரும் மூன்று பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இங்க வாங்க, இங்க வாங்க, கடைவாய்ப் பல்லு வரைக்கும் வருது" என்று சோபாவின் பின்னாலிருந்து டாக்டரின் குரல் மட்டும் வந்தது. கீழே வாயைத் திறந்திருந்தவரைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

ஒரு சப்-ஊஃபர் டாக்டர் சொன்ன மூலைக்கும், இன்னொன்று கண்காணிப்பாளர் கண்டுபிடித்த எதிர்மூலைக்கும் போயின. கண்காணிப்பாளர் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு மேடையேறி நாற்காலியில் சாய்ந்தார். நாற்காலி காலைத் தூக்கிக் கொடுத்தது.

"ஆரம்பிங்க."

டெசிபல் பொத்தானை அழுத்தினான். சுவர்ப் பஞ்சு நடுங்கியது. குளியலறையில் வாளி கவிழ்ந்து உருண்டது. டாக்டரின் நெற்றி விளக்கு தானாக எரிந்து தானாக அணைந்தது.

"ஆரம்பிங்கன்னு சொன்னேனே" என்றார் கண்காணிப்பாளர்.

"ஓடிட்டுதான் இருக்கு அத்தான்."

"எங்க ஓடுது? சப்புன்னு இருக்கே. முப்பதடி ரூம்ல எனக்குன்னு ஒரு அடிகூட விழலையே."

டெசிபல் மேடையேறி அவர் காதருகே கைபேசியைப் பிடித்தான். இறங்கி வந்து பிடித்தான். மறுபடியும் ஏறினான். முகம் வெளுத்துவிட்டது. "அத்தான், ரெண்டு மூலையிலேர்ந்தும் வர்ற சத்தம் சரியா உங்க நாற்காலிக்கிட்ட வந்து ஒண்ணையொண்ணு அடிச்சுக்குது. ஒண்ணு உள்ளுக்குள்ளயே தலைகீழா மாட்டி வந்திருக்கு, இது தள்ளும்போது அது இழுக்குது. கழிச்சுப் பாத்தா பூஜ்யம். வெல கூடினதுல அதைத் திருப்பிவிட ஒரு சுவிட்ச் இருக்கும். இது சிக்கனத்துல வந்தது, அந்த சுவிட்ச் கெடையாது."

"அப்போ எங்கதான் நல்லா கேக்கும்?"

டெசிபல் கைபேசியை நீட்டியபடி நடந்தான். அறையைத் தாண்டினான். எல்லாவற்றிலும் உச்சமான எண் வந்த இடத்தில் நின்றான். அது குளியலறை நடை. மிஷினுக்கு நேர் மேலே.

மனைவி துணியை மிஷின்மேல் வைத்துவிட்டு அறைக்குள் வந்தாள். மேடைமேல் நாற்காலிக்குப் பக்கத்தில் ஏறி நின்றாள். வீடே அதிர்ந்துகொண்டிருக்க, அங்கே மட்டும் அமைதி தேங்கி நின்றது. மேலே நல்ல விளக்கு. பக்கத்தில் பிளக். யார் தலையும் சொட்டாது.

"ஏங்க, பரிசீலனை முடிஞ்சிடுச்சு. டாக்டர், அந்த போல்ட்டைக் கழட்ட உங்ககிட்ட ஏதாவது இருக்குமா?"

பல்லைப் பிடுங்கிப் பழகிய கைக்கு போல்ட் எம்மாத்திரம். நாற்காலி இறங்கியது. மிஷின் ஏறியது. நடையில் போட்டால் வெள்ளைத்திரையில் பாதி தெரியும் என்று டெசிபல் அளந்து சொல்ல, நாற்காலி நடைக்குப் போனது.

"அது வீட்டுத் தலைவர் உக்கார்ற எடம்" என்றார் கண்காணிப்பாளர்.

டெசிபல் அவர் தோளில் கைவைத்துத் தேற்றினான். "வருத்தப்படாதீங்க அத்தான். அந்த எடத்துல யாரு உக்காந்தாலும் எதுவும் காதுல விழாது. அது எடத்தோட குணம், ஆளோட குணம் இல்ல."

மனைவி ஊசியில் நூலைக் கோத்தாள். மிஷின் ஓடத் தொடங்கியது. சப்-ஊஃபர்கள் இரண்டும் தம் கடமையைச் செய்துகொண்டிருந்தன. குளியலறை வாசலில், பாதித் திரையைப் பார்த்தபடி காலைத் தூக்கிக் கிடந்த கண்காணிப்பாளர், தனக்கே சரியாகக் கேட்காத குரலில் முணுமுணுத்தார்.

"மேஸ்திரியை வெச்சு இவ்வளவும் கட்டினவன் நான். எனக்கு இந்த வீட்ல ஒரு எடம் இல்ல."

மேடைமேல் மிஷின் நிற்கவில்லை. துணியிலிருந்து அவள் தலையை நிமிர்த்தவும் இல்லை.

"கேட்டுச்சுங்க" என்றாள். "எடத்துல ஒரு கொறையும் இல்ல."