ராயபுரம் நெத்திலிகளின் கோப்பை

ஐஸ் ஹாக்கியை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்காமல் அதில் கோப்பை வென்ற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் காசிமேட்டுக்காரர். இதை மறுப்பவர்கள் கல்மண்டபம் பஸ் நிறுத்தத்தில் நின்று சத்தமாக மறுக்கலாம். பத்திரமாக வீடு திரும்புவதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. ஜில்லு அண்ணன், அவ்வளவுதான். நான் குமாஸ்தாவாக இருந்த ஐஸ் தொழிற்சாலையில், ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுத்து மெஷினில் தள்ளி உடைப்பது அவர் வேலை. அதற்கு முன்னால் பதினைந்து வருடம் விசைப்படகில் கடலுக்குப் போனவர். கத்திரி வெயிலில் மஃப்ளர் கட்டுவார், மார்கழியில் கழற்றிவிடுவார். கேட்டால், "மார்கழில ஊரே கட்டிகினு கீது. அப்பால நாம வேற இன்னாத்துக்கு?" என்பார்.

அது மீன்பிடித் தடைக்காலம். இரண்டு மாதம் படகெல்லாம் கரையில். ஐஸ் கேட்டு ஒரு ஈ காக்கை வரவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் நான் ஒரு கற்பனை ஐஸ் ஹாக்கி லீக்கில் அணி வைத்திருந்தேன். மொத்தம் பதினாறு அணிகள், ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு நாட்டில் ஒரு மேனேஜர். ஆட்டக்காரர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் படைத்தவர்கள். யார் ஆடணும், யார் உட்காரணும் என்று மட்டும் நாம் சொல்ல வேண்டும். ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடி, தினமும் மாலை நாலு மணிக்கு முடிவைச் சொல்லிவிடும். என் அணி மூன்று சீசனாகக் கடைசி இடத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தது.

ஒருநாள் லீக் நிர்வாகியிடமிருந்து கடிதம். இந்த சீசனோடு உங்கள் அணியைக் கலைத்து, இருபது ஆட்டக்காரர்களையும் அழித்துவிடப் போகிறோம்; கோப்பை வென்ற அணியைக் கலைப்பதில்லை என்பது எங்கள் விதி, ஆனால் உங்களுக்கு அந்தக் கவலை இருக்காது என்று எழுதியிருந்தார். நான் சிரித்தேன். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஜில்லு அண்ணன் சிரிக்கவில்லை.

"அயிச்சிடுவான்னா? வேலைய வுட்டு தூக்குவானா, இல்ல ஆளே இருக்க மாட்டானா?"

"ஆளே இருக்க மாட்டான் அண்ணே."

"இருவது பேரும்?"

"இருபது பேரும்."

"இன்னா நைனா, இத்த வச்சிகினு சிரிக்கிற? தள்ளு."

அன்றிலிருந்து அவர்தான் மேனேஜர், நான் தட்டச்சு. முதல் வேலையாக அணிக்கு 'ராயபுரம் நெத்திலிகள்' என்று பெயர் வைத்தார். அடுத்த நாள் புதுப் படகுக்குச் செய்வதுபோல எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டார். கற்பூரத்தைத் தட்டில் ஏற்றியிருக்கலாம், கீபோர்டில் ஏற்றினார். இடைவெளி விடுகிற பட்டன் உருகிப்போனது. அதற்கப்புறம் நான் அனுப்பிய ஆங்கிலக் கடிதங்களெல்லாம் ஒரே சொல்லாக ஓடின. உங்கள் தமிழ் மொழி மிக அழகாக இருக்கிறது என்று பின்லாந்து மேனேஜர் பதில் போட்டார்.

அடிபட்டுப் படுத்த ஆட்டக்காரனுக்கு, "ஒடம்ப பாத்துக்கோ, கஞ்சி குடி" என்று என்னை எழுத வைப்பார். அவனுக்கு உடம்பும் கிடையாது, வாயும் கிடையாது என்றால் முறைப்பார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பேஜாரு, அவருடைய ஓய்வுச் சட்டம். ரெண்டு டிரிப்பு கடலுக்குப் போனவன் மூன்றாவது டிரிப்புக்குக் கரையில் இருக்க வேண்டும் என்பது அவர் படகின் வழக்கமாம். அதை அப்படியே அணிக்கும் போட்டார். இரண்டு ஆட்டம் ஆடினால் மூன்றாவது ஆட்டம் ஓய்வு. எப்பேர்ப்பட்ட சூரனானாலும் சரி.

"அண்ணே, மத்தவங்க நல்ல ஆளை தினமும் ஆட வெக்கிறாங்க."

"வெக்கட்டும். நான் ஒருவாட்டி மூணாவது டிரிப்பும் போனேன். நின்னுகினே தூங்கி, வூட்டு வாசப்படின்னு நெனச்சி காலை வச்சேன். கடலு. படகுல தூக்கிப் போட்டப்போ வவுறு ஃபுல்லா உப்புத் தண்ணி."

முதல் பத்து ஆட்டத்தில் ஏழு தோல்வி. பிறகுதான் வேடிக்கை. மற்ற அணிகளின் சூரர்களுக்கெல்லாம் பெயருக்குப் பக்கத்தில் களைப்பு என்று சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. எங்கள் நெத்திலிகள் பச்சைப் பசேலென்று இருந்தார்கள். அடித்துப் பிடித்து மேலே ஏறி, எப்படியோ பைனலுக்கே வந்துவிட்டோம். எதிரே பின்லாந்துக்காரர். மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தால் கோப்பை.

எங்களுக்கு இரண்டு கோல்கீப்பர்கள். ஒருவனுக்கு அண்ணன் வைத்த பெயர் கதவு. இன்னொருவனுக்கு நான் வைத்த பெயர் ஜன்னல், அவ்வளவு காற்றோட்டம். கதவு முதல் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தான். இரண்டாவதிலும் அவன்தான் நின்றான், தோற்றோம். மூன்றாவது நாள் அண்ணன், "ஜன்னல ஏறச் சொல்லு" என்றார்.

நான் காலில் விழாத குறை. "அண்ணே, இன்னிக்குத் தோத்தா இருபது பேரும் காலி. ஒரே ஒருநாள் சட்டத்தை மாத்துங்க."

அவர் மஃப்ளரை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இருவது பேருக்கோசரம்தான் நைனா சொல்றேன். ஏத்து."

ஏற்றினேன். நாலு மணிக்கு முடிவு வந்தது. ஜன்னல் தன் பெயரைக் காப்பாற்றி நாலு கோல் விட்டிருந்தான். ஆனால் சீசன் முழுக்க ஒருநாள்கூட உட்காராத பின்லாந்து கோல்கீப்பர், சிவப்பு விளக்கோடு நின்று ஐந்து விட்டிருந்தான். நான் நாற்காலி மேல் ஏறிக் கத்தினேன். மெஷின் பக்கமிருந்து ஆட்கள், கரண்ட் அடித்துவிட்டதென்று கட்டையோடு ஓடிவந்தார்கள்.

ஜில்லு அண்ணன் மட்டும் அசையவில்லை. "பேரெல்லாம் படி" என்றார்.

படகு கரை சேர்ந்ததும் எல்லாரும் திரும்பி வந்தார்களா என்று தலை எண்ணுவது அவர்கள் வழக்கம். நான் ஒவ்வொரு பெயராகப் படிக்க, அவர் விரல் மடக்கி எண்ணினார். முடித்ததும், "இருவத்தொண்ணு. எல்லாரும் வந்தாச்சி" என்றார்.

"இருபதுதான் அண்ணே படிச்சேன்."

"உன்ன யாரு எண்ணுவா?" என்று சொல்லிவிட்டு, கொக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

எத்தனையோ ஆபீஸில் வருகைப் பதிவுக்குக் கைரேகை வைத்துவிட்டேன். நான் வந்துவிட்டேனா என்று உண்மையிலேயே பார்த்தவர் அவர் ஒருவர்தான்.