மாற்று மூளை

கார் கர்கர்ரென்று இருமியதே தவிர, கிளம்பவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு மனைவிக்கு ஓட்டுநர் உரிமத் தேர்வு. சொந்த வண்டியோடுதான் போக வேண்டும். இந்தத் தேதிக்காக அவள் மூன்று மாதம் காத்திருந்தாள்.

"ஈசிஎம் பெட்டிக்குப் போற ஒயர் பிளக்குல பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கும் சார். துடைச்சு மாட்டிப் பார்க்கலாம்" என்றார் மெக்கானிக்.

வண்டியின் சொந்தக்காரர் சிரித்தார். சொந்தபந்தத்தில் அவருக்கு 'சர்வஞானி' என்று பெயர். மச்சான் வைத்த பெயர். அதைப் பாராட்டு என்றே அவர் இன்றுவரை நம்புகிறார்.

"நாலு வீடியோ பார்த்துட்டுதான் பேசறேன். ஈசிஎம் போச்சு. வண்டிக்கு மூளையே அதுதான். கழட்டுப்பா."

மெக்கானிக் கழற்றிக் கொடுத்தார். சர்வஞானி அந்தத் தூசி படிந்த பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பழைய உதிரிபாகக் கடைக்குப் போய், அதைக் கொடுத்துவிட்டு அதே ரகத்தில் வேறொன்றை வாங்கி வந்தார்.

"செத்த பெட்டின்னு சொல்லியா கொடுத்தீங்க?" என்று கேட்டார் மெக்கானிக்.

"நல்ல கண்டிஷன்னு சொல்லிக் கொடுத்தேன். பார்த்து வாங்கறது அவன் பொறுப்பு."

மெக்கானிக் பிளக்கை நன்றாகத் துடைத்து, வந்த பெட்டியை மாட்டினார். சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. வண்டி அசையவில்லை.

"சாவிக்குள்ள ஒரு சிப் இருக்கு சார். பெட்டிக்கு அந்தச் சாவி அடையாளம் தெரியணும். இது வேற வண்டியோட பெட்டி. உங்களைத் திருடன்னு நினைக்குது."

"என்னையா?"

"பெட்டிக்கு உங்களைத் தெரியாதில்ல சார்."

இரண்டையும் சேர்த்துவைக்க லேப்டாப்காரர் வந்தார். ஒரு மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உள்ளே பூட்டு போட்டிருக்கிறதாம், திறக்காதாம்.

சர்வஞானிக்கு ஐந்தாவது வீடியோ ஞாபகம் வந்தது. "பேட்டரியைக் கழட்டி மாட்டினா எல்லாத்தையும் மறந்துடும்."

கழற்றி மாட்டினார். பெட்டி எதையும் மறக்கவில்லை. ஆனால் ஹாரன் அலற ஆரம்பித்து, நிறுத்த ஆளில்லாமல் தெருவையே வாசலுக்கு வரவழைத்தது. மனைவியும் வந்தாள்.

"வண்டிக்கு மூளை வாங்கப் போனீங்களே, யாருக்கு வேணும்னு கடைக்காரர் விசாரிக்கலையா?"

தெரு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "நான் மூணு மாசமா கத்துக்கிட்டது ஓட்டறதுக்குங்க. தள்ளறதுக்கு இல்ல" என்றவளின் குரல் உடைந்தது. சர்வஞானிக்கு நிஜமாகவே நெஞ்சு சுருக்கென்றது. பெட்டியைக் கழற்றச் சொல்லிப் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் கடைக்கு ஓடினார்.

சாயங்காலம் கடையில் கடைக்காரரின் தம்பி இருந்தார். பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அலமாரியிலிருந்து பளபளவென்று துடைத்துவைத்த இன்னொன்றை எடுத்தார்.

"நல்ல கண்டிஷன் சார்."

சர்வஞானி சட்டி வாங்குவதுபோல் அதைத் தட்டிப் பார்த்தார். "இதுல ஒரு களை இருக்கு. காலைல கொடுத்தது திருட்டு முழி."

மறுநாள் எட்டரைக்கு மெக்கானிக் அதை மாட்டினார். லேப்டாப்காரர் ஒயரை எடுப்பதற்குள், பொறுமையிழந்த மனைவி சாவியைத் திருகிவிட்டாள். வண்டி ஒரே மூச்சில் கிளம்பியது. சிவப்பு விளக்கு மரியாதையாக அணைந்தது.

"பார்த்தியா? சேர்த்துவைக்க ஆளே தேவைப்படல" என்று சர்வஞானி நெஞ்சை நிமிர்த்தினார். "பொருளைக் கண்ணால பார்த்தே எடை போடுவேன். உங்க அண்ணன்கிட்டச் சொல்லு."

மனைவி முதல் தடவையாக அவரைப் பெருமையோடு பார்த்தாள். அந்தப் பார்வைக்காக அவர் இன்னும் பத்து பெட்டிகூட மாற்றியிருப்பார்.

லேப்டாப்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஒயரைச் செருகித் திரையைப் படித்தார். வண்டியின் பதிவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அதையும் படித்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"சேர்த்துவைக்க ஒண்ணுமில்ல சார். உள்ள உங்க வண்டி சேசிஸ் நம்பர்தான் இருக்கு. நேத்து காலைல செத்துப்போச்சுன்னு நீங்க கழட்டிக் கொடுத்த பெட்டியே இதுதான்."