வைஃபையில் ஒரு டிக்கெட் பரிசோதகர்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சௌக்கியம். அங்கு தாங்களும் என் மகளும் பேரக்குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். ‘இங்கு எல்லோரும்’ என்பதில் உங்கள் மாமியாரைச் சேர்க்கலாமா என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அவள் சொல்வதற்கு முன்னால் என் தரப்பு உங்களிடம் வந்துசேர வேண்டும் என்பதே இந்த அவசரத்துக்குக் காரணம்.

போன முறை வந்தபோது நம் வீட்டில் வைஃபை பெட்டியை மாட்டிவிட்டு, “மாமா, இது பாட்டுக்கு ஓடும், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்” என்று சொல்லிப் போனீர்கள். ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக ஆயுசைக் கழித்தவனிடம் இப்படிச் சொல்லலாமா. பெட்டியில் யார் யார் ஏறியிருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியல் ஒன்று இருப்பதை நானே தோண்டிக் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு போனுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு முகவரி. நம் வீட்டு முகவரிகளை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தேன். கொஞ்ச நாள் நிம்மதி. அப்புறம் ஒரு காலையில் பார்த்தால் முன்பின் தெரியாத ஒருத்தன் ஏறி உட்கார்ந்திருக்கிறான். உடனே உள்ளே வர முடியாதபடி அவனைப் பூட்டினேன். சில நாள் கழித்து இன்னொருத்தன். அவனையும் பூட்டிய அதே நொடியில் பக்கத்து அறையில் உங்கள் மாமியார் “ஐயையோ” என்றாள். நான் இருந்த வேகத்தில் இதையும் அதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

அவள் போன் வழியாகத் தையல் வகுப்பு நடத்துவது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு மாணவிகளிடம், “முன்கழுத்துக் கோட்டு மேலயே வெட்டுங்க, ஆனா” என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். ‘ஆனா’வோடு படம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வரவேண்டியது, “பின்பக்கத் துணியை ஒதுக்கி வெச்சுட்டு வெட்டுங்க” என்பது. மாணவிகள் சொல்பேச்சுக் கேட்பவர்கள். அத்தனை பேரும் இரண்டையும் சேர்த்தே வெட்டி, எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் முன்பக்கமாகவே இருக்கிற சட்டைகளைத் தைத்து அனுப்பிவிட்டார்கள். ஒருத்தி வகுப்பை விட்டே நின்றுவிட்டாள். இதெல்லாம் மேல்வீட்டுப் பல் டாக்டரம்மாவின் திருட்டால் வந்த வினை என்று நான் முடிவு கட்டினேன். ஏன் அவர் என்று கேட்காதீர்கள். நம் தலைக்கு மேலே இருப்பது அவர் ஒருத்தர்தான், அலை கீழிருந்து மேலே போகும் என்பது என் கணக்கு.

அதற்கப்புறம் மூன்றாவதாக ஒருத்தன் பிடிபட்டான், அவனையும் பூட்டி, அந்த முகவரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு மாடியேறினேன். டாக்டரம்மா வீட்டில் விருந்தாளிகள். அதையும் பார்க்காமல், “இது உங்க போன்தானே, உண்மையைச் சொல்லிடுங்க” என்று கையை நீட்டினேன். அவர் முகம் சுண்டிப் போயிற்று. “எங்களுக்குத் தனி லைன் இருக்கு சார். நாலு பேர் முன்னாடி என்னைத் திருடின்னு சொல்றீங்க. இதுக்கு நாங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடலாம்” என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. உங்கள் மாமியாருக்கு இந்தக் கட்டடத்தில் இருக்கிற ஒரே தோழி அவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பல்லைக் காட்டினேன். பல் டாக்டரிடம் அதுவும் எடுபடவில்லை.

பிறகு அவரே “உங்க போனைக் குடுங்க” என்று வாங்கி எதையோ திறந்தார். என் உள்ளங்கையைப் பிடித்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்தார். கைரேகை பார்ப்பது போல இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரே முகவரி. அன்று நான் பூட்டியது என்னையே.

“இப்ப வர்ற போனெல்லாம் வைஃபைகிட்ட தன்னோட நிஜ முகவரி நம்பரைச் சொல்லாது சார்” என்றார். “கடை, ஆஸ்பத்திரின்னு நீங்க போற எடத்துல எல்லாம் ‘அதே ஆள் மறுபடி வந்திருக்கார்’னு யாரும் குறிச்சு வெச்சு உங்க பின்னாடியே வரக் கூடாதில்ல. அதுக்காக அப்பப்ப புது நம்பர் போட்டுக்கும். உங்க வீட்டு வைஃபைக்கு மட்டும் மாறாம இருக்கற மாதிரி வெச்சுக்கோங்க. நம்பரைப் பார்த்து ஆளை முடிவு பண்ணாதீங்க. சந்தேகமா இருந்தா பாஸ்வேர்டை மாத்துங்க.”

முன்னால் பிடித்த இரண்டு பேர் யார் என்றேன். “அதையும் நானே சொல்லணுமா” என்றார். ஒருத்தன் நம் டிவி, நான் மனப்பாடம் செய்திருந்தது போன்களை மட்டும்தான். தையல் வகுப்பின் நடுவில் பிடிபட்டவள் யார் என்று நான் எழுத வேண்டியதில்லை. விருந்தாளிகளில் ஒருவர் சிரித்தார், பிறகு டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். மன்னிப்புக் கேட்டேன். காலி செய்யும் பேச்சு அதோடு போயிற்று.

அதன் பிறகு அவர் சொன்னபடியே எல்லாம் செய்தேன், பாஸ்வேர்டையும் மாற்றினேன். இப்போது பட்டியலில் அந்நியன் ஒருத்தன்கூடக் கிடையாது. உங்கள் மாமியாரின் வகுப்பு ஒரு நொடி தடங்கலில்லாமல் நடக்கிறது. அடிபட்டாலும் தொழில் கற்றுக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆகவே நீங்கள் லீவு போட்டு வந்து சிரமப்பட வேண்டாம். பெட்டி நல்ல கையில் இருக்கிறது. மகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள், தங்கள் பெற்றோருக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் டாக்டரம்மா கீழே வந்தார். “அம்மாகிட்ட சொல்லிடுங்க சார், நாளைக்கு எங்க லைன்ல ரிப்பேர் வேலை இருக்காம், கிளாஸை வேற நாளைக்கு வெச்சுக்கச் சொல்லுங்க” என்றார். விசாரித்ததில், நான் பாஸ்வேர்டை மாற்றிய அன்றே உங்கள் மாமியார் தன் போனையும் டிவியையும் மேல்வீட்டு வைஃபைக்குக் குடிமாற்றிவிட்டது தெரியவந்தது. நம் பெட்டியில் இருந்தவன் நான் ஒருத்தன்தான். காலையிலிருந்து என்னாலும் உள்ளே போக முடியவில்லை. எதை அழுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கும் போட்டுத் தரட்டுமா” என்று கையை நீட்டினார். போனைக் கொடுத்துவிட்டேன். லீவு கிடைக்குமா என்று இன்றைக்கே கேளுங்கள்.