மூணு தட்டு எலாதியோ

பென்யால்தா கால்பந்துக் கழகத்தின் சட்டப்புத்தகத்தில் நாற்பத்தொரு விதிகள் உண்டு. ஆட்டத்தில் வெற்றி பெற முயல வேண்டும் என்பது முப்பத்தெட்டாவது விதி. முதல் விதி, புதிதாகச் சேரும் ஆட்டக்காரரை ஊருக்கு அறிமுகம் செய்வது பற்றியது. அவர் புதுச் சட்டை போட்டு, மார்பிலுள்ள சின்னத்தை முத்தமிட்டு, மைதானத்திலுள்ள கன்னிமாதா சிலையின் காலடியில் மலர் வைக்க வேண்டும். பிறகு மைதான நடுவில் நின்று, பந்தைத் தரையில் விழவிடாமல் காலால் தட்டிக் காட்ட வேண்டும். கூட்டம் எண்ணும்.

எலாதியோ பார்சேனாவுக்கு அந்த நாள் இருபத்திரண்டு வயதில் வந்தது. மூன்று தட்டினார். நான்காவதில் பந்து முழங்காலில் பட்டு, கன்னிமாதாவின் பூச்சட்டிக்குள் போய் விழுந்தது. அதன்பின் பதினான்கு வருடம், நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டம், இடப்பக்கத் தடுப்பில் நின்று, இரண்டு தரம் மூக்கை உடைத்துக்கொண்டு, கழகத்தைக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவிடாமல் காத்தார். ஊர் அவரை ‘மூணு தட்டு’ என்றே கூப்பிட்டது. ரொட்டிக்கடையில்கூட, “மூணு தட்டுக்கு வழக்கம்போல ரெண்டு எடுத்து வை” என்பார்கள்.

ஓய்வுபெற்றதும் மாட்ரிட் போய் ஒன்பது மாதம் படித்து, சான்றிதழோடு திரும்பி, அதே கழகத்தில் விளையாட்டு இயக்குநர் ஆனார். யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வதே அந்த வேலை. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்குள் அணி முப்பத்தொரு கோல் வாங்கியிருந்தது. மைதானம் பெருக்கும் எவுத்தீமியா அம்மாளுக்கு அந்த எண்ணிக்கை தேவைப்படவில்லை. பென்யால்தாக்காரர்கள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே ஆட்டம் பார்ப்பவர்கள். பயம் கூடக்கூடக் கொறிக்கிற வேகமும் கூடும்.

“ஞாயித்துக்கிழம ஒன்பது மூட்டை தொலி, ராசா,” என்றாள் அவள். “இந்த ஊரு இவ்வளவு பயந்து நான் பாத்ததே இல்ல. பின்னாடி நிக்க ஒரு ஆளக் கொண்டா.”

அர்செனியோவின் மதுக்கடையிலும் அதே பேச்சு. “நடுவுல ஒரு செவுரு வேணும்யா, செவுரு,” என்று அர்செனியோ கல்மேடையைக் குத்தினார். “அத விட்டா இந்தக் கழகத்துக்கு வேற ஒண்ணுமே வேணாம்.”

எலாதியோ தேடிக் கண்டுபிடித்தார். பக்கத்து மாவட்டத்தில், பன்றிப் பண்ணையை ஒட்டிய மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த உர்பானோ. முப்பத்தொரு வயது, கதவு போன்ற தோள். மழையில் மூன்று ஞாயிறு நின்று பார்த்தார். அவனைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. அவனுடைய கழகத்துக்கு விடுவிப்புத் தொகை எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஜனவரி முடிவதற்குள் கையெழுத்துப் போட்டால் போதும். எலாதியோ அவனைக் கழக அலுவலகத்துக்குக் கூட்டி வந்தார்.

கழகத் தலைவர் தோன் ஃபாகுந்தோவுக்கு ஏழு ஊரில் மெத்தைக் கடை உண்டு. அவர் பக்கத்தில் கயத்தானா உட்கார்ந்திருந்தாள். மாட்ரிடிலிருந்து வரவழைக்கப்பட்ட ஒருங்கிணைந்த தோற்ற மேம்பாட்டு ஆணையர்.

“நல்ல ஆளு,” என்றார் தலைவர், உர்பானோவை மேலும் கீழும் பார்த்து. “எத்தன தட்டுவாரு?”

“தலைவரே, அவன் தடுக்குறவன்.”

“சரி. எத்தன தட்டுவாரு?”

அலுவலகத் தாழ்வாரத்திலேயே சோதனை நடந்தது. உர்பானோ தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு தட்டினான். பந்து உருண்டு மாடிப்படியில் இறங்கிப் போனது.

“ரெண்டு,” என்று கயத்தானா குறித்துக்கொண்டாள். “நம்ம திட்டப்படி குறைஞ்சது அம்பது.”

“பந்த வெளிய அடிக்கிறதுதானேம்மா இவன் வேல. வெச்சுக் கொஞ்சுறது இல்லியே.”

“அது எதிர்மறைச் சிந்தனை, எலாதியோ. ரெண்டு தட்டுக்கு எவ்வளவு கூட்டம் வரும்?”

“மேட்சுக்கு வருமே.”

“மேட்சு முடிவு நம்ம கையில இல்ல,” என்றார் தலைவர் பரிவோடு. “அறிமுக விழா நம்ம கையில இருக்கு. கையில இருக்குறதுல கவனம் வெக்கிறதுதான்யா நிர்வாகம்.”

எலாதியோ சான்றிதழுக்குப் படித்த பாடத்தில் இது வரவில்லை.

கயத்தானா தன் ஆளை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். பெயர் லியாந்த்ரோ. தெற்கே ஒரு கடற்கரை நடைபாதையில், முன்னால் காசுக்காகத் தொப்பியை மல்லாக்க வைத்துப் பந்து தட்டுகிறவன். பந்து விழாமல் அவன் தட்டியது இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினான்கு. அவனை நடுத் தடுப்பாட்டக்காரராகச் சேர்க்க வேண்டும். விதிப்படி, தொழில்நுட்ப அறிக்கையில் விளையாட்டு இயக்குநர் கையெழுத்திட வேண்டும்.

“நான் போட மாட்டேன்,” என்றார் எலாதியோ.

“போடாம இருக்கலாம்,” என்றாள் கயத்தானா மென்மையாக. “ஆனா ஊரு என்ன பேசும்னு யோசிங்க. மூணு தட்டுக்குப் பொறாமைன்னு பேசும்.”

எலாதியோ ஜன்னல் வழியே பார்த்தார். கீழே உர்பானோ தன் பழைய வண்டியில் ஏறிக்கொண்டிருந்தான். வண்டி போனதும், ‘மேற்படி நபர் மேற்படி தேவைக்கு மிகப் பொருத்தமானவர்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்தைப் போட்டார்.

இறங்கும் ஆபத்திலிருந்த இன்னொரு அணி, பக்கத்து ஊர் தோர்மெலா. அது உர்பானோவைச் சேர்த்துக்கொண்டது. பந்துகள் வைக்கும் அறையில் அறிமுகம். வந்தவர் ஒரே ஒருவர், சாவி வைத்திருந்தவர்.

லியாந்த்ரோவின் அறிமுகத்துக்கு ஒன்பதாயிரம் பேர் வந்தார்கள். ஆட்டத்துக்கு வழக்கமாக வருவது இரண்டாயிரத்து முந்நூறு. தட்டு ஆயிரத்தைத் தாண்டியபோது, செவுரு கேட்ட அர்செனியோ பக்கத்தில் நின்றவரைக் கட்டிப்பிடித்து அழுதார். மறுநாள் எவுத்தீமியா அம்மாள் அரை மணியில் பெருக்கி முடித்துவிட்டாள்.

“ஒரு தொலி கெடையாது, ராசா. யாருக்கும் பயமே இல்ல போல,” என்றாள். “இது நல்லதா கெட்டதான்னு எனக்குப் புரியல.”

நிர்வாகத்துக்குப் புரிந்தது. மார்ச்சில் லியாந்த்ரோவை மாற்றுச் சட்டையில் மறுபடி அறிமுகம் செய்தார்கள். ஏப்ரலில் குளிர்காலச் சட்டையில். இடையிடையே வரும் ஆட்டங்கள் புல்லைக் கெடுப்பதாக, சம்மேளனத்துக்கு முறைப்படி வருத்தம் தெரிவித்துக் கடிதம் போனது.

ஆட்டங்களிலும் லியாந்த்ரோ தன் கடமையிலிருந்து விலகவில்லை. சொந்தக் கோல் முன்னால் பந்து கிடைத்தால் தட்ட ஆரம்பிப்பான். கூட்டம் எண்ணும். எதிரணிக்காரர்களும் மனிதர்கள்தானே, கொஞ்ச நேரம் நின்று ரசிப்பார்கள். நாற்பது வாக்கில் யாருக்காவது ஆட்டம் ஞாபகம் வந்து, பந்தைப் பிடுங்கி கோல் போடுவார்கள். “இன்னிக்கி நாப்பத்தி மூணு” என்று மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டே ஊர் வீட்டுக்குப் போகும். பயிற்சியாளர் ஒருவர் மட்டும் மகிழவில்லை. அவரை மாற்றினார்கள்.

கடைசி ஆட்டம் தோர்மெலாவுடன், பென்யால்தாவில். சமன் செய்தால் பென்யால்தா தப்பிக்கும்; தோர்மெலா இறங்கும். எண்பத்தெட்டாம் நிமிடம் வரை ஒரு கோலும் விழவில்லை. எலாதியோ முதல் வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது பந்து லியாந்த்ரோவிடம் வந்தது.

“அடிச்சு வெளிய தள்ளு,” என்று எலாதியோ கத்தினார். அன்று வந்திருந்த ஒன்பதாயிரம் பேர் எண்ணிய சத்தத்தில் அது அவர் காதுக்கே கேட்கவில்லை. முப்பது. நாற்பது. தோர்மெலாவின் பத்துப் பேரும் வாய்பிளந்து நின்றார்கள். பதினோராவது ஆளுக்கு மட்டும் பந்து தட்டுவதில் எந்த ரசனையும் கிடையாது. மைதானத்தின் மறுகோடியிலிருந்து உர்பானோ ஓடி வந்தான், அவசரமே இல்லாமல், மாடு ஓட்டப் போகிறவனைப் போல. அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. உர்பானோ காலை நீட்டினான். பந்து வலையில் இருந்தது.

“அறுபத்தி மூணு,” என்றது ஒரு குரல். எலாதியோ திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் யாரும் வாய் திறந்திருக்கவில்லை. அது அவர் குரல்தான்.

கூட்டம் உர்பானோவைப் பார்த்து விசிலடித்தது. “நூறு வரைக்கும் பொறுக்க மாட்டியாடா காட்டுப்பயலே,” என்று அர்செனியோ திட்டினார்.

கழகம் இறங்கியது. யார் பொறுப்பு என்று விசாரிக்க உறுப்பினர் கூட்டம் கூடியது. தலைவர் ஒரே ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். அதில் ஒரே ஒரு கையெழுத்து இருந்தது.

“எனக்கென்ன தெரியும், நான் மெத்தை விக்கிறவன்,” என்றார். “படிச்சவர் பொருத்தம்னு எழுதிக் குடுத்திருக்காரு.”

எலாதியோ அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, வேலையிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தார். கையெழுத்து அவருடையதுதான்.

ஆனால் கழகம் நன்றி மறக்கவில்லை. விலகுகிறவருக்கும் விழா உண்டு என்று நாற்பத்திரண்டாவது விதி சேர்க்கப்பட்டது. அதற்கும் ஒன்பதாயிரம் பேர் வந்தார்கள். எலாதியோ சின்னத்தை முத்தமிட்டார், மலர் வைத்தார். கயத்தானா பந்தை நீட்டினாள். இதை வெளியே உதைத்து அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று அவர் காலையிலேயே முடிவு செய்திருந்தார்.

பந்து காலில் ஏறியது. ஒன்று, என்றது ஊர். இரண்டு. மூன்று. பந்து முழங்காலில் பட்டு, விலகிப் போய், எப்படியோ கால் நுனிக்கே திரும்பி வந்தது.

நான்கு.

மைதானம் அதிர்ந்தது. அர்செனியோ வேலியைத் தாண்டி ஓடி வந்து அவரைத் தோளில் தூக்கினார். நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டத்தில் ஒருமுறைகூட இந்த ஊர் அவரைத் தூக்கியதில்லை. எலாதியோ குலுங்கிக் குலுங்கி அழுதார். மாவட்டப் பத்திரிகை, முதல் பக்கத்தில் ‘எலாதியோ: நான்கு’ என்று போட்டது. கழகம் இறங்கிய செய்தி உள்ளே, மருந்துக்கடை விளம்பரத்துக்குக் கீழே இருந்தது.

எல்லாரும் போனபின் எவுத்தீமியா அம்மாள் துடைப்பத்தோடு வந்தாள். அவள் முகத்தை நேரே பார்க்க எலாதியோவுக்குக் கூச்சமாக இருந்தது.

“என்ன ராசா, அவ்வளவு சத்தம்? நான் பின்கட்டுல இருந்தேன்.”

“நாலு,” என்றார் எலாதியோ.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். “நாலா? பாக்காம விட்டுட்டேனே,” என்றாள். “எனக்காக இன்னொரு தரம் தட்டிக் காட்டேன்.”

எலாதியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தைத் தேடினார்.