நகரி வழியாகக் கோலாலம்பூர்

நான் வழி தவறி ஆந்திராவுக்குப் போய்விட்டதாக எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பொய். வழி தவற வேண்டுமென்றால் ஒரு மனிதன் தன் இஷ்டத்துக்கு நடந்திருக்க வேண்டும். அன்றைக்கு என் கால் தரையில் பட்டதே கொஞ்ச நேரம்தான். நான் தள்ளப்பட்டேன். தள்ளப்படுவதற்கும் வழி தவறுவதற்கும் உள்ள வித்தியாசத்தை எத்தனையோ தடவை விளக்கிவிட்டேன். என் மாமனார் வீட்டில் யாரும் காதில் வாங்குவதாக இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். என் தப்பு எவ்வளவு என்று படிப்பவர்கள் முடிவு செய்யட்டும். (கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அவர்கள் சொல்கிற அளவுக்கு இல்லை.)

திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரியில் வணிகவியல் பாடம் நடத்துகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் கல்லூரி மலேசியாவில் ஒரு பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு பேராசிரியர் தலைமையில் மாணவர்கள் அங்கே போய்ப் பத்து நாள் தங்கிப் படித்துவிட்டு வரவேண்டும். முதல் குழுவுக்குத் தலைவராக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். என்னுடைய தலைமைப் பண்புக்காகத்தான் என்று பிரின்சிபால் கூட்டத்தில் சொன்னார். எங்கள் துறையில் பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரே ஆள் நான்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. பிரின்சிபால் சொல்வதையெல்லாம் நம்புகிற வயது.

நம்பி என்ன செய்தேன்? பதினோரு மாணவர்களுக்கு இருபத்தேழு விதிகள் எழுதி, பைலில் போட்டு, ஆளுக்கொரு நகல் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கினேன். முதல் விதி, நேரம் தவறக் கூடாது. நான்காவது விதி, எல்லாருடைய பாஸ்போர்ட்டும் பேராசிரியரிடம்தான் இருக்கும்.

மணவூரிலிருந்து வரும் சந்தியா என்ற மாணவி எழுந்தாள். "சார், எங்க பாஸ்போர்ட்ட நாங்களே வச்சிக்கலாமே?"

"தொலைச்சிடுவீங்க" என்றேன்.

"உங்ககிட்ட இருந்தா தொலையாதுங்களா சார்?"

அதற்குப் பொறுப்புணர்ச்சி என்ற தலைப்பில் பத்து நிமிஷம் பதில் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு பாஸ்போர்ட்டுகளும் ஒரு பிளாஸ்டிக் கவரில் என் பெட்டிக்குள் போயின.

கிளம்பும் தேதியையும் நான்தான் முடிவு செய்தேன். மலேசியாவில் விடுமுறை உண்டா, மழை உண்டா, எங்கள் பல்கலைக்கழகத் தேர்வு குறுக்கே வருமா என்றெல்லாம் பார்த்தேன். சமையலறைச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை மட்டும் பார்க்கவில்லை. அந்த நாள் ஆடிக் கிருத்திகை.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி முருகனுக்குக் காவடி எடுக்க இரண்டு மாநிலத்து ஜனங்களும் வந்து இறங்குவார்கள். பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு ஊருக்குள் வரலாம். ஊரைவிட்டுப் போக முடியாது. நான் அரக்கோணத்தில் பிறந்தவன், கல்யாணத்துக்குப் பிறகு திருத்தணியில் வாடகை வீட்டில் இருப்பவன். இது எனக்குத் தெரியாமல் எப்படிப் போனது என்று பிரின்சிபால் முதல் பால்காரர் வரை கேட்டுவிட்டார்கள். தெரியாமல் இல்லை. ஞாபகம் இல்லை.

என் மனைவி கோமதி அவள் பங்குக்குச் சொன்னாள். "அன்னிக்கு கிருத்திகைங்க."

"கிருத்திகை மாசா மாசம்தான் வருது."

"இது ஆடி மாசம்."

"ஆடி மாசத்துல பிளேன் பறக்காதா?" என்று கேட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

திருத்தணி மாணவர்கள் நான்கு பேர் முதல் நாளே 'சார், நாங்க இன்னிக்கே மெட்ராஸ் போயிடறோம்' என்று செய்தி அனுப்பினார்கள். ஊர் சுற்றப் போகிறார்கள் என்று எண்ணி, ஊர் சுற்றக் கூடாது என்ற ஒன்பதாம் விதியைப் பதிலாக அனுப்பினேன். எதற்காக முன்கூட்டியே போகிறோம் என்று ஒருத்தராவது சொன்னார்களா? சொல்லவில்லை. சாருக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டார்களாம். மரியாதையால் ஒரு மனிதன் கெட்டது இப்படித்தான்.

விமானம் மாலை ஆறரைக்கு. மூன்று மணிக்கு எல்லாரும் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். காலை ஒன்பதரைக்கு வீட்டுக் கதவைத் திறந்தேன். தெருவைக் காணவில்லை. மஞ்சள் துணியும் பூக்காவடியும் பம்பைச் சத்தமுமாக ஒரு வெள்ளம் மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டேஷன் எதிர்த்திசையில் இருக்கிறது.

பெட்டியின் சக்கரம் நாலடிகூட உருளவில்லை. தூக்கித் தலையில் வைத்தேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது. தலையில் சுமையோடு, வெறுங்காலோடு (செருப்பு முதல் முனையிலேயே போய்விட்டது) ஒருவன் வருவதைப் பார்த்த ஒரு அம்மாள், வேண்டுதல்காரன் என்று நினைத்து என் காலில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக் கும்பிட்டாள். பின்னாலிருந்து ஒரு பெரிய குடும்பம் அரோகரா சொல்லி என்னைச் சேர்த்துக்கொண்டது.

"ஐயா, என்னை விடுங்க. நான் மலேசியா போவணும்" என்றேன்.

"முருகன் அங்கயும்தான் கீறாரு. மொதல்ல இவர பாத்துட்டுப் போ" என்று ஒருவர் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

மலைப்படி வரைக்கும் போய்விட்டேன். அங்கிருந்து திரும்பும்போது எதிரே வந்த பால்குடம் ஒன்று தடுமாறி என் மார்பில் கவிழ்ந்தது. குடத்துக்காரப் பெண் பயந்துவிட்டாள். பக்கத்திலிருந்தவர்கள் பயப்படவில்லை. "குடுத்து வச்சவரு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்கள். சட்டைப் பையில் கைவைத்துப் பார்த்தேன். என்னுடைய சொந்தப் பாஸ்போர்ட் அதில் இருந்தது. துடைத்து மறுபடி அங்கேயே வைத்துக்கொண்டேன். மாணவர்களுடையதுதான் முக்கியம், அது கவரில் பத்திரமாக இருக்கிறது என்று அப்போது நிம்மதிகூடப் பட்டேன்.

ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. எந்தச் சிறப்பு ரயில் எந்தப் பக்கம் போகிறது என்று ஒலிபெருக்கிக்கே சந்தேகமாக இருந்தது. ஒரு வண்டி வந்து நின்றது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒருவரிடம் "சென்னை வண்டியா?" என்று கேட்டேன். "ஆங், எக்கு, எக்கு" என்றார். தெலுங்கில் எக்கு என்றால் ஏறு. நான் கேட்டது அவருக்குப் புரியவில்லை, ஏறச் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. யோசிப்பதற்குள் பின்னால் இருந்த கூட்டம் என்னையும் பெட்டியையும் உள்ளே ஏற்றிவிட்டது. சொன்னேனல்லவா, தள்ளப்பட்டேன்.

என் அப்பா அரக்கோணத்தில் முப்பது வருஷம் ரயில்வேயில் இருந்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்கு வண்டி வடக்கே போகிறதா தெற்கே போகிறதா என்பது தூக்கத்தில்கூடத் தெரியும். ஆனால் அதற்கு ஜன்னல் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரு முதுகு. பொன்பாடியைத் தாண்டி அடுத்த ஸ்டேஷனில்தான் முதுகு விலகிப் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. அந்தப் பெயரைப் படித்து முடித்து, அது ஆந்திரா என்று உணர்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அடுத்தது நகரி. இறங்கினேன். நகரி என் மாமனார் ஊர்.

கல்யாணமான நாளாக அந்த வீட்டில் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது. மாமனார் விசைத்தறி போட்டு நைட்டித் துணி நெய்கிறவர். ஒரு மாதமாக அவருக்கு மலேசியாவைப் பற்றி வகுப்பெடுத்திருந்தேன். இப்போது அவர் ஊர் ஸ்டேஷனில் வெறுங்காலோடு, காலில் மஞ்சளும் சட்டையில் பாலுமாக நிற்கிறேன். யாருக்கும் தெரியாமல் ஒரு கார் பிடித்து ஓடிவிடலாம் என்று வெளியே வந்தேன். ஒரு வண்டி இல்லை. எல்லாம் திருத்தணிக்கு ஜனங்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தன.

போன் அடித்தது. சந்தியா.

"சார், எல்லாரும் வந்துட்டோம் சார். மூணு மணின்னு சொன்னீங்க, நாங்க பன்னண்டுக்கே வந்துட்டோம். நீங்க எங்க வந்துகினு கீறீங்க?"

"வந்துகினே இருக்கேன்மா" என்றேன்.

"எங்க மாமா, அத்தைல்லாம் மணவூர்லருந்து வேன் வச்சிகினு வந்து நிக்கிறாங்க சார். எங்க வூட்ல மொத மொத பிளேன் ஏறப்போறது நான்தான்."

போனை வைத்த பிறகு அந்தப் பிளாஸ்டிக் கவரைத் தொட்டுப் பார்த்தேன். மாமனார் வீட்டு மரியாதையா, பதினோரு பிள்ளைகளா என்று கணக்குப் போட்டேன். இரண்டு நிமிஷம் ஆனது. (உண்மையைச் சொன்னால் ஐந்து.) பிறகு மைத்துனன் முனிரத்தினத்துக்குப் போன் செய்தேன்.

"இன்னா பாவா, பிளேன்லருந்தா பேசறீங்க?" என்றான்.

"நகரி ஸ்டேஷன்லருந்து பேசறேன். வேனை எடுத்துகினு வா. உங்க அப்பாகிட்ட சொல்லாத."

வேன் வந்தது. முன் சீட்டில் மாமனார் உட்கார்ந்திருந்தார். "நைனா கேட்டுகினே வந்து ஏறிட்டாரு, நான் இன்னா பண்றது" என்றான் முனிரத்தினம்.

மாமனார் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "அதுக்குள்ள வந்துட்டீங்களா மாப்ள? ஊரு எப்பிடிக் கீது?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். மனதில் சேர்த்துவைத்துக்கொண்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது. "திருத்தணி வழி அடைச்சிகினு கீது. நாகலாபுரம், ஊத்துக்கோட்டை சுத்திப் போனாதான் ஆச்சு" என்று மகனிடம் சொல்லிவிட்டு, வேனிலிருந்து இறங்கித் தன் செருப்பைக் கழற்றி என் முன்னால் வைத்தார்.

வேனில் இருந்த மூட்டைகளை இறக்க நேரமில்லை. பின்னால் நைட்டித் துணியும் முன்னால் நானுமாகக் கிளம்பினோம். அவசரம் என்பதை முனிரத்தினம் ஒத்துக்கொண்டான். ஆனால் ஊத்துக்கோட்டையில் டீ குடிக்காமல் வண்டி ஓட்டினால் அவனுக்குக் கண்ணைக் கட்டுமாம். டீயோடு நிற்கவில்லை, வடையும் ஆறுகிறவரை காத்திருந்து சாப்பிட்டான். அதற்குள் சந்தியாவிடமிருந்து ஏழு அழைப்பு.

விமான நிலையத்தில் துணி மூட்டைகளோடு வேனை நிறுத்தியதும் காவலர்கள் ஓடிவந்தார்கள். நான் குதித்து உள்ளே ஓடினேன். நாலே முக்கால். பதினோரு பேரும் வரிசையாக நின்றார்கள். யார் கண்ணிலும் கோபமில்லை, சந்தியா மட்டும் அழுதிருந்தாள். பாஸ்போர்ட்டுகளை எடுத்து நீட்டினேன். ஒரு துளிகூட நனையவில்லை. (அப்போதும் பெயர் கூப்பிட்டு ஆஜர் எடுத்தேன். அதை ஏன் செய்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.)

அவர்களுக்கெல்லாம் போர்டிங் பாஸ் வந்துவிட்டது. கடைசியாக என்னுடையதைக் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த பெண் பிரிக்கப் பார்த்தாள். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. போட்டோவில் என் முகம் பாதிதான் மிச்சம். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"சார், இதுல பால் வாடை வருது."

"அது முருகனுக்குப் போன பால்" என்றேன்.

மேலதிகாரியைக் கூப்பிட்டாள். நெற்றியில் விபூதியோடு ஒருவர் வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "திருத்தணியா? நமக்குக் குலதெய்வம்" என்றார். பிறகு, "இதை வச்சிட்டு உங்களை ஏத்த முடியாது சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்படி ஒரு பக்திமானை நான் பார்த்ததில்லை.

சந்தியாதான் கையை நீட்டினாள்.

"பைலைக் குடுங்க சார். அங்க ஏர்போர்ட்டுக்கு அந்த யூனிவர்சிட்டி மேடம் வராங்கல்ல, அவங்க நம்பர் இதுலதான கீது? நீங்க கவலப்படாதீங்க. நாங்க பாத்துக்கறோம்."

கொடுத்தேன். அவர்கள் வரிசையாக உள்ளே போனார்கள். நான் வெளியே வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடக் கூடாது என்று சைகை காட்டிக்கொண்டிருந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முனிரத்தினம் வந்து தோளைத் தொட்டான். "பாவா, வேனை எடுக்கச் சொல்றாங்க" என்றான்.

பத்து நாளும் திருத்தணியில் இருந்தபடியே தலைமை தாங்கினேன். காலையில் போன் செய்து சாப்பிட்டீர்களா என்று கேட்பேன். மூன்றாம் நாளிலிருந்து எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் பேச வேண்டிய உரையைச் சந்தியா பேசினாளாம், நன்றாகக் கைதட்டினார்களாம். திரும்பி வந்து கருத்துப் படிவம் நிரப்பினார்கள். 'உடன் வந்த பேராசிரியர் எப்படி?' என்ற கேள்விக்குப் பதினோரு பேரும் 'மிக நன்று' என்றே எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும், 'எந்தத் தொந்தரவும் இல்லை' என்று கூடுதலாக ஒரு வரி.

பிரின்சிபால் திட்டுவார் என்று போனேன். அவர் படிவங்களைப் புரட்டிவிட்டு, "அடுத்த வருஷமும் இதே மாதிரி பண்ணிடுங்க" என்றார். புதுப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். அதில் இன்றுவரை ஒரு முத்திரை இல்லை. வருஷா வருஷம் பிள்ளைகள் போகிறார்கள். அவரவர் பாஸ்போர்ட்டை அவரவரே வைத்துக்கொள்கிறார்கள்.

ரயில்வே அப்பா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. நகரியில் என் பெயர் 'மலேசியா மாப்ள' ஆகிவிட்டது. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் புது ஆள் ஒருவரை உட்காரவைத்து மாமனார் முதலிலிருந்து சொல்வார். அவர் சொல்லும்போது பால்குடம் மூன்றாகிவிடும். கோமதி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விட்டுப்போனதை எடுத்துக்கொடுப்பாள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

போன மாதம் முனிரத்தினத்தின் இரண்டாம் வகுப்பு மகளுடைய பள்ளிக்கூடத்திலிருந்து அவனை வரச் சொன்னார்கள். வகுப்பில் யார் யார் ஊரில் என்ன விசேஷம் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். மலேசியாவுக்குப் போகிறவர்கள் எங்கள் நகரியில்தான் வண்டி மாற வேண்டும் என்று இவள் எழுந்து சொல்லியிருக்கிறாள். டீச்சர் திருத்தியதும் ஒரே சண்டை.

"எங்க மாமா காலேஜ் வாத்தியாரு. அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாளாம்.