மூக்கறுந்த வெண்டைக்காய்

ஊரில் எல்லாரும் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நான் ஒடிப்பதில்லை. நாகரிகம் என்று நினைத்துவிடாதீர்கள், பயம். என் ஆயுசுக்கு ஒடிக்க வேண்டியதையெல்லாம் பத்து வயதில் ஒரே காலையில் ஒடித்து முடித்துவிட்டேன்.

அப்போது கோடை லீவுக்கு ஆயா வீட்டில் இருந்தேன். ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவள். காஞ்சிபுரம் பக்கம் ஓரிக்கையைத் தாண்டி, பாலாற்றங்கரையில் அவளுக்கு அரைக் காணி நிலம். தாத்தா போன பிறகு தனியாளாகவே அதில் கத்தரியும் வெண்டையும் போட்டாள். புடவைக்கு மேல் தாத்தாவின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு (வெண்டைச் செடியின் சுணை கையை அரித்துப் பிடுங்கிவிடும்) விடிவதற்கு முன்பே காய் பறிக்க இறங்கிவிடுவாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது ஒரே இடத்தில்தான். காஞ்சிபுரத்தில் கோயில் தெரு முனையில், கூடைக்குப் பின்னால்.

அங்கேயும் ஓய்வில்லை, சண்டை. தறியில் உட்காருவதற்குள் சமையலை முடிக்க வேண்டுமென்று நெசவுக்கார வீட்டுப் பெண்கள் ஏழு மணிக்கே வந்து மொய்ப்பார்கள். வந்ததும் வராததுமாகப் பட் பட்டென்று நுனியை ஒடிப்பார்கள். ஒடித்தவள் கையை ஆயா பிடித்துக்கொள்வாள்.

“இன்னாமா, இத்த ஒடிச்சிட்டு இன்னொண்ணுத்துக்குப் போறே? ஒடிச்சவங்கதான் எடுத்துக்கினு போவணும்.”

இது ஆயாவின் சட்டம். (அப்பீல் கிடையாது.)

தினமும் இந்தச் சண்டையைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. எல்லாக் காயையும் நாமே முன்கூட்டி ஒடித்து வைத்துவிட்டால் என்ன? பிஞ்சு என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும், சண்டையே வராது. இத்தனை சுலபமான யோசனை எந்தப் பெரியவருக்கும் ஏன் தோன்றவில்லை என்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

மறுநாள் ஆயா பால் கறக்கப் போன நேரத்தில் கூடை முன் உட்கார்ந்தேன். பிஞ்சுக் காய் ஒடிந்தது. முற்றிய காய் ஒடியாமல் வளைந்தது. விடுவேனா, இன்னும் அழுத்தி வளைத்தேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது. கடைசியில் கூடையில் இருந்தவை இரண்டே ரகம்: மூக்கறுந்தவை, கழுத்து சுளுக்கியவை. நுனிகளை மாட்டுக்குப் போட்டுவிட்டு, ஈரச் சாக்கால் கூடையை மூடி வைத்தேன்.

அன்றைக்கென்று பார்த்து ஆயாவுக்கு அவசரம். பங்காளிகளுக்குப் பொதுவான கிணற்றில் பதினோரு மணிக்கு எங்கள் முறைத் தண்ணீர். அதை விட்டால் அடுத்த முறை நாலு நாள் கழித்துத்தான். அதற்குள் முந்தின நாள் நட்ட கத்தரி நாற்றெல்லாம் கருகிவிடும். பத்து மணி பஸ்ஸைப் பிடித்தே ஆக வேண்டும். “எட்டரைக்கெல்லாம் வித்துடும் பாப்பா,” என்று தைரியமாகத்தான் வந்தாள்.

தெரு முனையில் உட்கார்ந்து சாக்கை விலக்கினாள். ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எலி கடிச்சிட்டுதா?”

“நான்தான் ஆயா ஒடிச்சேன்,” என்றேன், பரிசு வாங்கப் போகிறவளைப் போல. “இனிமே யாரும் ஒடிக்க மாட்டாங்க.”

அது மட்டும் பலித்தது. ஒடிப்பது இருக்கட்டும், யாரும் தொடவே இல்லை. முதலில் வந்த அம்மா குனிந்து பார்த்து, “இன்னா ஆயா, ஊரே ஒடிச்சிப் பாத்துட்டு வேணாம்னு போட்டத என் தலையில கட்டுறியா?” என்றாள். அடுத்தவள் வளைந்த காய் ஒன்றைத் தூக்கி, “இதுக்கு இன்னா வாதமா?” என்று கேட்டுவிட்டுக் கீழே வைத்தாள். மூன்றாமவள் நடையை நிறுத்தவே இல்லை.

எட்டரை ஆயிற்று. ஒன்பதரையும் ஆயிற்று. ஆயா கூவிப் பார்த்தாள்: “வாம்மா, நுனி நாங்களே கிள்ளிட்டோம், பாதி வேல முடிஞ்சிது!” ஒருத்தி சிரித்தாள், வாங்கவில்லை. (இன்றைக்கு அதையே பிளாஸ்டிக் தட்டில் வைத்து ஏசி கடையில் விற்கிறார்கள்.)

நாற்று கருகினால் அது என்னால்தான். பத்து மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆயா எழுந்து கூடையைத் தூக்கினாள். தன் தலையில் அல்ல, என் தலையில் வைத்தாள்.

“யாரு ஒடிச்சது?”

“நான்.”

“அப்ப யாரு எடுத்துக்கினு போவணும்?”

அழுதுகொண்டே கூடையோடு பஸ்ஸுக்கு ஓடினேன். முறைத் தண்ணீர் கிடைத்தது, நாற்று பிழைத்தது. பிழைக்காதது நான்தான். நாலு நாளைக்கு மூன்று வேளையும் வெண்டைக்காய்க் குழம்பு, பொரியல், மோர்க்குழம்பு. மிச்சத்தை வற்றல் போட்டு, லீவு முடிந்து நான் ஊருக்குக் கிளம்பும்போதும் கொடுத்தனுப்பினாள். “வெண்டைக்கா துன்னா கணக்கு நல்லா வரும், துன்னு,” என்று பாசமாகப் பரிமாறினாள். (அந்த வருடம் கணக்கில் முப்பத்தாறு.) ஆனால் ஒரு அடி இல்லை, ஒரு திட்டு இல்லை. அன்றிலிருந்து ஆயாவை எனக்கு இன்னும் அதிகமாகப் பிடித்துப்போயிற்று.

ஆயாவின் சட்டம் அதன் பிறகு குடும்பச் சட்டமாகிவிட்டது. என் கணவர் பெண் பார்க்க வந்தபோது உட்கார்ந்த வேகத்தில் எங்கள் வீட்டு நாற்காலியின் கால் ஒடிந்துபோயிற்று. எல்லாரும் பதறி நிற்க, ஆயா மட்டும் நிதானமாக, “ஒடிச்சவங்கதான் எடுத்துக்கினு போவணும்,” என்றாள். (நாற்காலியோடு சேர்த்து என்னையும் அனுப்பிவிட்டார்கள்.)

இப்போது ஆயாவுக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. காஞ்சிபுரத்தில் எங்களோடுதான் இருக்கிறாள். போன வாரம் நான் வாங்கிவந்த வெண்டைக்காயைப் பொரியல் செய்து வைத்தேன். மீதியிருக்கும் நாலு பல்லால் வெகு நேரம் மென்றாள். பிறகு வாயிலிருந்து ஒரு நாரை நீளமாக இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“ஏண்டி, இத்தன வயசாச்சி, கடையில நாலு நுனிய ஒடிச்சிப் பாத்து வாங்கியாரக்கூடாதா?”