முன்சாஞ்சேயின் வலை

"ஆடாம உக்காரு மதினி, படகு கவுந்துரும்!"

நேற்றுவரை வழி காட்டிய நாணல் திட்டெல்லாம் தண்ணீருக்குள் போயிருந்தது. மழையில்லை, மேகமில்லை. மேலே அணையில் மதகைத் திறந்தால் காஃபூவே ஆறு இப்படித்தான், கண்ணுகளா, சத்தமில்லாமல் வந்து நிற்கும். நட்டநடுப் பகலில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. நடுவில் உட்கார்ந்து துடுப்புப் போட்ட ஹமூங்காவுக்கு முதுகு சில்லிட்டது.

எதிரே லிசேலி, லோசி இனத்துக்காரி. தோங்கா இனத்தார் வீட்டில் சாவு விழுந்தால் கேலி முறைக்காரர்களான லோசிகள் வந்து, செத்தவர் உடுப்பை மாட்டி, அவரைப் போலவே பேசி, அழுகிறவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். செத்துப்போன கிழவர் முன்சாஞ்சேயின் கோட்டுச் சட்டையைக் கொடுத்து, அவளைக் கூட்டிவர ஹமூங்காவை அனுப்பியிருந்தாள் கிழவரின் மனைவி. லிசேலி அதை மாட்டிக்கொண்டு, படகிலேயே கிழவராகப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"டேய் ஹமூங்கா! இடப்பக்கம் திருப்புடா!"

"அது சரணாலயம் மதினி. காவலுக்கு ஆள் நிக்கும்."

"செத்தவனுக்கு என்னடா காவல்? திருப்பு!"

ஹமூங்கா துடுப்பை நிறுத்தினான். மீன் பிடிக்கக் கூடாத அந்தத் தண்ணீரில்தான், கிழவர் கண்மூடிய அன்றே அவர் வீட்டிலிருந்து திருடிய வலையைக் கட்டியிருந்தான். தெரிந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது.

வலப்பக்கம் வலித்தான். அணைத்தண்ணீர் படகைச் சுழற்றி இடப்பக்கமே தள்ளியது.

"அப்படித்தான்! அந்த அத்திமர உச்சியச் சுத்திப் போ."

அவள் வாயை அடைக்க, வறுத்த நிலக்கடலையை நீட்டினான். மென்றுகொண்டே விரலால் வழி காட்டினாள்.

மூச்சைப் பிடித்து எதிர்த்து வலித்தான். துடுப்பு கைநழுவிப் போயே போய்விட்டது. படகு தானாக ஊர்ந்து, மரத்தைச் சுற்றி, எதிலோ சிக்கி நின்றது.

லிசேலி குனிந்து இழுத்தாள். வலை. மிதவைக் கட்டை ஒவ்வொன்றிலும் முன்சாஞ்சே சூடு போட்ட பிறைக்குறி.

"திருப்பிக் குடுத்துர்றேன் மதினி, சத்தியமா!" ஹமூங்கா அழுதேவிட்டான். "யாரு சொன்னா உனக்கு? கிழவியா?"

லிசேலி கடலைத் தோலை ஊதித் தள்ளினாள்.

"எனக்கென்ன தெரியும் மச்சான்? இந்த ஆத்தையே இன்னைக்குத்தான் பாக்குறேன். உனக்குப் பின்னால உக்காந்திருக்காரே பெரியவர், அவர் கை காட்டுன பக்கம் நானும் காட்டுனேன். ஏறுனதுலேருந்து பாக்குறேன், நீ ஏன் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்குற?"